ரோகோஸ் ஊர்க் குதிரையின் உடல்நிலை

ரோகோஸ் ஊரில் கொசு கிடையாது. இதைச் சொன்னது ரோகோஸ்காரன் இல்லை. அவனுக்குச் சொறியவே நேரம் போதவில்லை. சொன்னது மாவட்டக் கொசு ஒருங்கிணைப்பு மையம். மூன்று மாடிக் கட்டடம், வாசலில் கொடி, உள்ளே போனால் தரை வழுக்கும். அவ்வளவு பெரிய கட்டடம் பொய் சொல்லுமா?

ஊரோ திஸா ஆற்றங்கரையில், ஆற்றைவிடத் தாழ்ந்த நிலத்தில் கிடக்கிறது. நாணல் அடைத்த பழைய வாய்க்கால் ஒன்று ஊரைச் சுற்றி ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. அது நின்று பல வருஷம் ஆயிற்று. ஆகஸ்டில் வெயில் சாய்ந்ததும் அதிலிருந்து ஒரு ரீங்காரம் கிளம்பும். வெளியூர்க்காரன் கேட்டால், தூரத்தில் யாரோ கோதுமை அறுக்கும் மிஷின் ஓட்டுகிறான் என்று நினைப்பான்.

அந்த ஆகஸ்டில்தான் வெலிமிரின் மனைவி தெசங்கா படுத்தாள்.

தெசங்கா படுக்கிற ஜாதி இல்லை. எழுபது வயது தாண்டியும் தோட்டத்து மிளகாய் முழுவதையும் தானே பறித்து, சுட்டு, தோலுரித்து, ஜாடியில் அடைக்கிறவள். அவள் முதலில் தலைவலி என்றாள். பிறகு காய்ச்சல் என்றாள். பிறகு எதுவும் சொல்லவில்லை. காப்பியில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தாள். வெலிமிர் கரண்டியைப் பிடுங்கினால், அவனை நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாரு வீட்டு ஆளு?" என்று கேட்டாள். ஐம்பது வருஷம் ஒரே படுக்கையில் படுத்தவனிடம் கேட்கிற கேள்வியா அது?

அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். எல்லோரும் முதலில் ஜன்னலைப் பார்த்தார்கள், பிறகு எதிர்ச் சுவரில் இருந்த கதவைப் பார்த்தார்கள். இரண்டும் திறந்திருந்தன.

"குறுக்குக் காத்து," என்றார்கள்.

நம் பக்கத்தில் மனிதன் சாவதற்கு மூன்று வழிதான்: போர், அரசாங்கம், குறுக்குக் காற்று. ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேறுகிற காற்றில் உட்கார்ந்தவனுக்குக் கழுத்துப் பிடிக்கும், காது அடைக்கும், வாய் கோணும். இதற்குப் படிப்பு தேவையில்லை, அம்மா சொல்லியிருக்கிறாள். வெலிமிரும் உடனே ஜன்னல் கதவெல்லாம் சாத்தினான். உள்ளே இருந்த கொசு உள்ளேயே இருந்தது. காலுறையை ரக்கியாச் சாராயத்தில் நனைத்து அவள் காலில் மாட்டினான். காய்ச்சல் இறங்கவில்லை. மிச்ச ரக்கியாதான் அவன் தொண்டையில் இறங்கியது.

மறுநாள் அவளுடைய இடது கால் தூக்க வரவில்லை. கழுத்து பலகை மாதிரி விறைத்துவிட்டது. அவன் லாஸ்தாவை வண்டியில் பூட்டினான். லாஸ்தா அவனுடைய குதிரை, சிவப்பு நிறப் பெட்டை. அவன் சொன்னதை அந்த வீட்டில் கேட்கிற ஒரே ஜீவன். தெசங்காவை வைக்கோலில் படுக்கவைத்துச் சுகாதார நிலையத்துக்கு ஓட்டினான்.

டாக்டர் ரூஜித்சா நல்ல பெண். நல்ல பெண்களைத்தான் இப்படிப்பட்ட இடத்தில் கொண்டுவந்து கட்டிவைப்பார்கள். தெசங்காவின் கழுத்தைத் தொட்டாள், கையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வெலிமிர் மாமா, இது மேற்கு நைல் காய்ச்சல் மாதிரி இருக்கு. பறவைக்கிட்டேருந்து கொசு எடுத்துக்கிட்டு வந்து மனுஷனைக் கடிக்கும். நெறைய பேருக்கு ஒண்ணும் ஆகாது. வயசானவங்களுக்குத்தான் சில சமயம் மூளைக்கு ஏறிடும்."

"மருந்து?"

"இதுக்குன்னு மருந்து கிடையாது. ஆனா பெரிய ஆஸ்பத்திரித் தொற்றுநோய் வார்டுல படுக்கவெச்சு, சலைன் ஏத்தி, மூச்சு நிக்காம பார்த்துக்கணும். வீட்டுல வெச்சிருந்தா..."

"அப்போ அனுப்பும்மா."

"அனுப்ப முடியாதே. ரத்தத்துல உறுதியானாத்தான் வார்டுல எடுப்பாங்க."

"ரத்தத்தைப் பாரு."

"அறிவிச்ச பகுதியிலேருந்து வந்தவங்க ரத்தத்தைத்தான் பார்ப்பாங்க. ரோகோஸ் அறிவிச்ச பகுதி இல்ல."

"எப்போ அறிவிப்பாங்க?"

"ரோகோஸ்ல ஒருத்தருக்கு உறுதியானா."

வெலிமிர் நாலாம் வகுப்போடு நின்றவன். அதனால் தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்து, மறுபடி கேட்டான். அவள் மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவை கேட்டபோது அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் விட்டுவிட்டான்.

"இப்போ என்னன்னு எழுதப்போறே?"

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கழுத்துப் பிடிப்பு. குறுக்குக் காத்தால."

*

கொசு ஒருங்கிணைப்பு மையத்தின் இயக்குநர் பெயர் ராதிவோய். மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருந்தார். மூன்று கட்சி மாறியும் அதே நாற்காலி. நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தாரா, அவர்மேல் அது முளைத்திருந்ததா என்று சொல்வது கஷ்டம்.

"தோழர் இயக்குநரே," என்று ஆரம்பித்தான் வெலிமிர்.

"கதவைச் சாத்துங்க, கதவைச் சாத்துங்க! ஜன்னல் திறந்திருக்கு, குறுக்குக் காத்து!" என்று அலறிக்கொண்டு இயக்குநர் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். கதவு சாத்தியதும் முகத்தில் கௌரவம் திரும்பியது. "இப்போல்லாம் தோழர் கிடையாது பெரியவரே. ஐயான்னு சொல்லுங்க. என்ன விஷயம்?"

வெலிமிர் சொன்னான். இயக்குநர் புன்னகையோடு கேட்டார், பாடம் ஒப்பிக்கிற பையனைக் கேட்கிற மாதிரி.

"மேற்கு நைல்! பேரைக் கேட்டீங்களா? நைல் நதி எங்க இருக்கு? எகிப்துல. உங்க ஊர்ல என்ன நதி? திஸா. அப்புறம் எப்படிப் பெரியவரே?"

"எனக்கு நதி தெரியாதுங்க. கொசு தெரியும். கொட்டுது."

"ரோகோஸ்ல கொசு இல்ல. இது என் அபிப்பிராயம் இல்ல, அறிவியல்." எழுந்து போய், கண்ணாடி அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு கொசுப்பொறி, பளபளவென்று. கழுத்தில் அட்டை தொங்கியது: ரோகோஸ். "இதான் உங்க ஊர்ப் பொறி. மூணு வருஷமா ஓடுது. ஒரு கொசு விழல."

வெலிமிர் பொறியைப் பார்த்தான், அலமாரியைப் பார்த்தான், மேலே ஓடிய ஏசியைப் பார்த்தான்.

"இது இங்கல்ல இருக்கு?"

"பின்னே? உங்க ஊர்ல வெச்சா பேட்டரியைக் கழட்டிக்கிட்டுப் போயிடுவீங்க. அரசாங்கச் சொத்து. பாதுகாப்பா இருக்கட்டும்னு இங்க வெச்சிருக்கோம்." அலமாரியைப் பூட்டினார். "மக்கள் நினைக்கறாங்க நாங்க சும்மா இருக்கோம்னு. காலையில கொசு நிலவரக் கூட்டம். மத்தியானம், காலையில நடந்த கூட்டத்தோட நிலவரத்தைப் பத்திக் கூட்டம். போன வருஷம் ரெண்டு பேரை இத்தாலிக்கு அனுப்பிப் படிக்கவெச்சோம்."

"கொசுவைப் பத்தியா?"

"கூட்டம் நடத்தறதைப் பத்தி."

அப்போது இயக்குநரின் காதோரம் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. பட்டென்று அடித்தார். உள்ளங்கையில் ரத்தம். கொஞ்ச நேரம் இருவரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது நகரத்துக் கொசு," என்றார் இயக்குநர், கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு. "நகராட்சிக்குக் கீழ வரும்."

வெலிமிர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். கதவருகே சுவரில் ஒரு பெரிய படம். அழகான குதிரை ஒன்று தலையைத் தொங்கப்போட்டு நின்றது. கீழே கொட்டை எழுத்தில்: உங்கள் குதிரைக்குக் காய்ச்சலா? தள்ளாடுகிறதா? உடனே அழையுங்கள். எல்லாம் இலவசம்.

"இது?"

"குதிரையா?" இயக்குநரின் குரலே மாறிவிட்டது. "குதிரைக்கு உண்டே! அது ஐரோப்பாக்காரங்க பணம் போடற திட்டம். கால்நடை டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பினா, மறுநாளே முடிவு. வண்டி உண்டு, வார்டு உண்டு, எல்லாம் உண்டு. குதிரைங்கறது காவல் மிருகம் பெரியவரே. நோய் வருதுன்னு முன்னாடியே படுத்துச் சொல்லும். மனுஷன் அப்படியா? மனுஷன் சும்மா படுத்துக்குவான்."

*

கால்நடை டாக்டர் லயோஷ் அங்கேரியர். பாதி வட்டாரத்தின் பன்றியும் குதிரையும் அவர் கையில்தான் பிறந்தன. வெலிமிர் போய்ச் சொன்னதும், "முடியாது," என்றார். "என்னோட லைசன்ஸ் மிருகத்துக்கு. மனுஷன்மேல ஊசி குத்தினா என்னை உள்ள வெச்சுடுவாங்க."

"எந்த மனுஷன்? நான் என் குதிரையைப் பத்திப் பேசறேன்."

"லாஸ்தாவா? நேத்து வேலி தாண்டி என் முட்டைக்கோஸைத் தின்னுச்சே, அதுக்கா காய்ச்சல்?"

"வந்து பாரு லயோஷ். பார்த்துட்டுச் சொல்லு."

லயோஷ் வந்தார். தெசங்கா படுத்திருந்ததைப் பார்த்ததும் அவர் வாயில் இருந்த சிகரெட்டை எடுத்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்தார். தலையணையிலிருந்து தலையைத் தூக்கப் பார்த்தார். தலையோடு தோளும் சேர்ந்து எழுந்தது.

"இப்படி ஒரு குதிரையைப் பார்த்தா நான் அடுத்த நிமிஷம் ஃபோன் போட்டிருப்பேன்," என்றார் மெதுவாக.

அன்று தெசங்காவுக்குக் கொஞ்சம் நினைவு தெளிந்திருந்தது. கண்ணை மூடியபடியே கேட்டாள்: "என்னடா ரெண்டு பேரும் தலைமாட்டுல உக்காந்து பேரம் பேசறீங்க?"

வெலிமிர் சொன்னான். சொல்லும்போது அவனுக்கே வெட்கமாக இருந்தது. அவளுக்கு மறுபடி நினைவு தப்பிவிட்டது என்று நினைத்தான். பிறகு போர்வைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது.

"எடு லயோஷ். மனுஷியா போனேன், ஒருத்தனும் சீந்தல. குதிரையா போய்ப் பார்க்கறேன்."

"பரிசோதனையில தெரிஞ்சுடாதா?" என்று வாசலில் வெலிமிர் கேட்டான்.

"நோயை எதிர்த்து ரத்தம் சண்டை போட்டிருக்கான்னுதான் பார்ப்பாங்க. சண்டை போட்டது யாருன்னு அந்தப் பரிசோதனை கேக்காது," என்றார் லயோஷ், குழாயின்மேல் பெயரை எழுதிக்கொண்டே. லாஸ்தா. பெட்டை. சிவப்பு. நெற்றியில் வெள்ளை.

தெசங்காவின் தலைமுடியும் முன்பக்கம்தான் வெளுத்திருந்தது. முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

*

முடிவு மறுநாள் வந்தது. உறுதி.

அதற்குப் பிறகு நடந்ததை ரோகோஸ்காரர்கள் இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். ஆம்புலன்ஸே வராத ஊருக்கு ஏழெட்டு அரசாங்கக் கார்கள் வந்தன. டி.வி. வந்தது. வெள்ளை அங்கி போட்டவர்கள் வந்து வீடு வீடாகப் புகுந்து, வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் பூச்சாடிகளைக் கவிழ்த்தார்கள். தேனீப் பெட்டியைத் திறந்து பார்த்த ஒருவரை மட்டும் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வாய்க்கால் பக்கம் யாரும் போகவில்லை. அது நீர்த்துறைக்குச் சொந்தம்.

மருந்து தெளிக்க விமானமும் வந்தது. வாய்க்காலுக்கு மேலே பறக்க நீர்த்துறை அனுமதி வேண்டும் என்பதால், கால்பந்து மைதானத்தின்மேல் நன்றாகத் தெளித்தது. அங்கே அப்போது அறிவிப்பு விழா நடந்துகொண்டிருந்தது. வறுத்த ஆட்டுக்குட்டி மேஜையில் இருந்தது. அதன்மேல் பட்டது.

இயக்குநர் ராதிவோய் இருமிக்கொண்டே பேசினார்:

"ரோகோஸ் மக்களே! நாம் தூங்கவில்லை! நம் மையம் இடைவிடாமல் கண்காணித்ததால்தான் இந்தக் குதிரை நோய்வாய்ப்பட்டதை உடனே அறிய முடிந்தது. கொசு எங்கே பிறக்கிறது? உங்கள் வாளியில். உங்கள் பூச்சாடியில். உங்கள் அலட்சியத்தில். எங்கள் அலுவலகத்தில் பிறக்கிறதா? இல்லை! இன்னொரு மகிழ்ச்சியான செய்தி: மனிதர்களில் பாதிப்பு பூஜ்யம். பூஜ்யத்தை எட்டுவது எளிதல்ல. இந்தப் பூஜ்யத்தை நான் பதவியேற்ற நாளிலிருந்து காப்பாற்றி வருகிறேன். ஆகவே தர்ப்பூசணித் திருவிழா திட்டமிட்டபடி நடக்கும்!"

கூட்டம் சொறிந்துகொண்டே கைதட்டியது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய ரோகோஸ்காரனுக்குத் தெரியும்.

வெலிமிர் கைதட்ட நிற்கவில்லை. சுகாதார நிலையத்துக்கு ஓடினான்.

"அறிவிச்சுட்டாங்கம்மா! இப்போ அனுப்பு!"

டாக்டர் ரூஜித்சா கையைப் பிசைந்தாள். "குதிரைக்கு அறிவிச்ச பகுதின்னுதான் வந்திருக்கு மாமா. மனுஷனுக்குத் தனியா அறிவிக்கணுமாம். அந்தக் கமிட்டி செப்டம்பர்லதான் கூடும்."

"செப்டம்பர்ல என் பொண்டாட்டி இருக்கணுமே."

வெலிமிர் வெளியே வந்து படியில் உட்கார்ந்தான். அன்று காலையிலிருந்து தெசங்கா மூச்சு இழுக்கும்போது ஒரு சத்தம் கேட்டது, அடைத்த துருத்தி மாதிரி. அதை நினைத்தான். எழுந்தான். யாரிடமும் இனிக் கெஞ்சுவதில்லை என்று முடிவு செய்தவன் நடை தனி. அப்படி நடந்து வீட்டுக்குப் போனான்.

வீட்டு வாசலில் ஒரு பெரிய வண்டி நின்றது. குதிரை ஏற்றுகிற வண்டி. ஏசி, ரப்பர் விரிப்பு, தலைக்கு மேல் நீல விளக்கு. ஓட்டுநர் ஸ்தோயான் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"எங்கய்யா நோயாளி? கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்காங்க. சீக்கிரம். வழியெல்லாம் டி.வி. நிக்குது."

லாஸ்தா வேலிக்குப் பின்னால் நின்று லயோஷின் முட்டைக்கோஸை மென்றுகொண்டிருந்தாள். வெலிமிர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே போனான். தெசங்காவைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வந்தான். கல்யாணத்தன்று தூக்கியதற்குப் பிறகு இப்போதுதான் தூக்குகிறான். அவ்வளவு லேசாக இருந்தது அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஸ்தோயான் விதை கொறிப்பதை நிறுத்தினான். அவளைப் பார்த்தான். வேலிக்குப் பின்னால் இருந்த குதிரையைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். அவள் மூச்சுச் சத்தம் அவனுக்கும் கேட்டது.

"ஒரு உருப்படின்னு சொன்னாங்க," என்றான் கடைசியில். "ஒரு உருப்படி இருக்கு. ஏத்துங்க. வைக்கோல் நெறைய போடுங்க, ரோடு மோசம்."

*

நீல விளக்கு சுழன்றது. சைரன் கத்தியது. வழியில் எல்லா வண்டிகளும் ஒதுங்கி நின்றன. பாலத்தில் போலீஸ்காரர் ஒருவர் சல்யூட்கூட அடித்தார். மனுஷியாகப் போயிருந்தால் பேருந்தில் நின்றுகொண்டு போயிருப்பாள்.

கால்நடைக் கல்லூரியில் பேராசிரியை நெவென்கா என்று ஒரு அம்மாள். குட்டை, பருமன், ரப்பர் பூட்ஸ். வண்டியின் பின்கதவு திறந்தது. உள்ளே வைக்கோலில் ஒரு கிழவியும் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கிழவனும்.

நெவென்கா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இதான் லாஸ்தாவா?"

"இவதான்," என்றான் வெலிமிர். அடிக்கவந்தால் திருப்பி அடிப்பது என்ற முடிவில் இருந்தான்.

அவள் வண்டிக்குள் ஏறினாள். மூச்சைக் கேட்டாள், கண்ணை விரித்துப் பார்த்தாள், உள்ளங்காலை நகத்தால் வருடிப் பார்த்தாள். பிறகு ஃபோனை எடுத்தாள். தொற்றுநோய் வார்டு தெருவுக்கு அந்தப் பக்கம்தான். இங்கிருந்து கூப்பிட்டாலே கேட்கும். இருந்தாலும் ஃபோனில் கத்தினாள்.

"உறுதியான கேஸ் ஒண்ணு அனுப்பறேன், மூளைவரைக்கும் போயிருக்கு... என்னது, பகுதியா? அறிவிச்ச பகுதிதான், டி.வி.யில பார்க்கலியா?... ஆமா, அதே குதிரை... டேய், நீ என்கிட்ட வாதாடாதே. எடுக்கறியா, இல்ல நானே குதிரை வார்டுல படுக்கவெச்சுக்கவா? வாசல்ல இருக்கற கேமராக்காரங்களையும் உள்ள கூப்பிட்டுக்கறேன்."

ஐந்தாறு பேர் கட்டிலோடு தெருவைக் கடந்து ஓடிவந்தார்கள்.

ஒரு இரவும் ஒரு பகலும் தெசங்காவுக்கு மூச்சு மிஷின் வைத்திருந்தார்கள். வெலிமிர் நடைபாதையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கடவுளிடம் பெரிய பழக்கமில்லை. இருந்தாலும் ஒரு தடவை மேலே பார்த்து, "இவளை யாருன்னு எழுதி வெச்சிருக்கேன்னு பார்க்காதே, எடுத்துக்காம இரு, அது போதும்," என்றான்.

வெளியே இயக்குநர் ராதிவோய், குதிரைக்கு மனுஷ வார்டே கொடுத்திருக்கிறோம் என்ற பெருமையோடு, தினமும் மாலை டி.வி.க்காரர்கள் முன்னால் அறிக்கை வாசித்தார். ஃபோனில் சொன்னபடியே நோயாளியைக் குதிரை என்று எழுதி வார்டிலிருந்து வந்த தாளை யாரோ கொடுத்தார்கள். அவர் அப்படியே வாசித்தார். படித்துப் பார்த்துவிட்டு வாசிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"குதிரை கண் விழித்தது. காய்ச்சல் குறைந்துள்ளது."

மறுநாள்: "குதிரை கோழி ரசம் இரண்டு கரண்டி குடித்தது. அதிகம் உப்பு என்று குறை கூறியது."

ஒரு நிருபர் பெண் கேட்டாள்: "குதிரை கோழி சாப்பிடுமாங்க?"

"ஆரோக்கியமான குதிரை சாப்பிடாது," என்றார் இயக்குநர் தயங்காமல். "நோயின் தீவிரத்தை இதிலிருந்தே அறியலாம்."

அடுத்த நாள்: "குதிரை தன் கணவரை அடையாளம் கண்டுகொண்டு, சவரம் செய்யும்படி கூறியது." இங்கே இயக்குநர் கொஞ்சம் நின்றார். "உரிமையாளரை என்று திருத்திக்கொள்ளவும்," என்றார்.

நாடே குதிரைக்காக உருகியது. மூட்டை மூட்டையாகக் கேரட் வந்தது. குழந்தைகள் படம் வரைந்து அனுப்பினார்கள். ஒரு பாதிரியார் தம் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார். கட்டிலில் சாய்ந்து உட்கார ஆரம்பித்திருந்த தெசங்கா மூட்டைகளைப் பார்த்தாள்.

"யாருக்குக் கிழவா இத்தனை கேரட்டு?"

"உனக்குத்தான்."

"எழுபது வருஷம் மனுஷியா இருந்தேன், ஒருத்தன் ஒரு வெங்காயம் கொண்டுவந்து குடுக்கல," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தக் கணவர் விஷயம்தான் இயக்குநரை உறுத்தியிருக்க வேண்டும். மறுநாள் அவரே வார்டுக்கு வந்துவிட்டார். கட்டிலைப் பார்த்தார். கட்டிலின்மேல் தலைக்குட்டை கட்டிய கிழவியைப் பார்த்தார். கால்களை எண்ணினார். முகம் வெளுத்தது. வெலிமிரைச் சட்டையைப் பிடித்து நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு போனார். கதவு பாதி திறந்தே இருந்தது.

"இது மோசடி! அரசாங்கத்தை ஏமாத்தியிருக்கே! ஐரோப்பாவையே ஏமாத்தியிருக்கே! உள்ள தள்ளிடுவேன்!"

"எதுல ஏமாத்தினேன்?" என்றான் வெலிமிர். சத்தம் போடவில்லை. "காய்ச்சல் பொய்யா? கொசு பொய்யா? நாலு காலுன்னு சொன்னது ஒண்ணுதான் பொய். அதுவும் நீங்க கேட்ட பொய். உண்மையை எடுத்துக்கிட்டு உங்க மூணாவது மாடிக்கு வந்தேனே, கதவைச் சாத்துன்னுதானே சொன்னீங்க?"

இயக்குநர் மூச்சு வாங்கினார். பிறகு குரல் தேன் மாதிரி ஆனது. பெரிய இடத்து ஆள் இனிப்பாகப் பேசினால் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது வெலிமிரின் வழக்கம். தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"பெரியவரே, நடந்தது நடந்துபோச்சு. யாருக்கும் வெளிய தெரிய வேண்டாம். அம்மா குணமாகிப் பின்வாசல் வழியா வீட்டுக்குப் போகட்டும். குதிரை குணமாச்சுன்னு நான் அறிவிச்சுடறேன். முன்வாசல்ல உங்க லாஸ்தாவைக் கொண்டுவந்து நிறுத்தினா போதும். மனுஷர்ல பாதிப்பு பூஜ்யம். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"எங்க தெருவுல இன்னும் ரெண்டு பேருக்குக் கழுத்து விறைச்சிருக்குன்னு லயோஷ் ஃபோன் பண்ணினான். யாத்விகாவுக்கும், தையற்காரி கிருணியாவுக்கும். அவங்களுக்கு?"

"குறுக்குக் காத்து சீசன் பெரியவரே இது."

வெலிமிர் அவரைப் பார்த்தான். அடிக்கலாம் என்று தோன்றியது. கை ஓங்கவும் செய்தது. பிறகு இது தன் மனைவியின் நோய், பதிலும் அவளே சொல்லட்டும் என்று கையை இறக்கினான்.

"அவளுக்கு நடக்க வரட்டும். அவகிட்டயே கேட்டுக்குங்க."

இயக்குநர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அவருடைய உத்தியோகத்தில் மறுக்காதது எல்லாம் சம்மதம்தான்.

*

வீட்டுக்கு அனுப்புகிற நாளன்று ஆஸ்பத்திரி முன்வாசலில் மேடை போட்டிருந்தார்கள். பித்தளை வாத்தியக் கோஷ்டி ஒன்று உப்பிய கன்னத்தோடு வாசித்தது. டி.வி.க்காரர்கள், கேரட்டோடு குழந்தைகள், பூவோடு தர்ப்பூசணித் திருவிழா அழகி. இயக்குநர் கையில் ஒரு சிவப்பு ஆப்பிளோடு நின்றார். குதிரை வந்ததும் ஊட்டுவது என்று ஏற்பாடு. நல்ல படமாக வரும்.

"இந்தக் கதவைத் திறந்துகொண்டு இப்போது வரப்போவது ஒரு குதிரை அல்ல," என்று ஒலிபெருக்கியில் முழங்கினார், "நம் மையத்தின் வெற்றி! ஒரு மனிதரைக்கூட நாம் இழக்கவில்லை. ஒரு மனிதருக்குக்கூட இந்த நோய் வரவில்லை. வந்தால் எங்களுக்குத் தெரியாமல் போகுமா?"

பின்வாசலில் கார் நின்றது. தெசங்காவை அந்தப் பக்கம் அழைத்துப் போக ஒரு செவிலிப் பெண் வந்தாள். தெசங்கா தலைக்குட்டையை இறுக்கி முடிந்தாள்.

"நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன் கிழவா, அன்னிக்கு அந்தாளு கதவுக்கு அந்தாண்ட பேசினதை. பூஜ்யமாம் நான். யாத்விகாவும் பூஜ்யமாம்." கைத்தடியைத் தரையில் ஊன்றினாள். "முன்வாசலுக்கு நடடா."

"கால் தாங்குமா?"

"தாங்கலன்னா நீ எதுக்கு இருக்கே?"

கதவு திறந்தது. வாத்தியம் உச்சத்துக்குப் போய், ஒவ்வொரு குழலாக அடங்கியது. இடது காலை இழுத்து இழுத்து, ஒரு கையில் தடி, மறு கையில் வெலிமிரின் தோள் என்று ஒரு கிழவி படியிறங்கி வந்தாள். யாரும் உதவிக்கு வரவில்லை. எல்லோரும் அவளுக்குப் பின்னால் குதிரையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நிருபர் பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அம்மா, கொஞ்சம் ஒதுங்கிக்குங்க. குதிரை எங்க?"

"நான்தான்," என்றாள் தெசங்கா.

கேமராக்கள் திரும்பின. இயக்குநர் மைக்கைக் கையால் மூடப் பார்த்தார். வெலிமிர் அந்தக் கையை எடுத்துக் கீழே வைத்தான். மெதுவாகத்தான், ஆனால் திரும்ப எடுக்க முடியாதபடி.

"கொசுவே இல்லாத ஊருன்னு இந்த ஐயா சொன்னாரே, அந்த ஊர்க் குதிரை நான். பேரு தெசங்கா. மனுஷின்னு சொன்னா பார்க்க மாட்டேன்னாங்க, அதனால குதிரை ஆனேன். அதே தெருவுல இன்னும் ரெண்டு குதிரை படுத்திருக்கு. யாத்விகா, கிருணியா. இன்னிக்கே வண்டி போகணும், அந்த நீல விளக்கு வெச்ச வண்டி. போகலன்னா..." அவள் இயக்குநரைப் பார்த்துத் திரும்பினாள். "எனக்குக் கால் ஒண்ணுதான் சரியில்ல. இன்னொண்ணு நல்லா உதைக்கும்."

இயக்குநர் மறு கையில் ஆப்பிளை நீட்டியபடியே நின்றிருந்தார். கை அப்படியே உறைந்துபோயிருந்தது. தெசங்கா குனிந்து, அவர் கையிலிருந்தபடியே அதை ஒரு கடி கடித்தாள். நிதானமாக மென்றாள்.

இயக்குநர் வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டு, எல்லா விரலும் இருக்கிறதா என்று பார்த்தார்.